ஒரு சொல்லுக்கு ஒரு சிப்பி

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வலை பொத்திப் பழகிய விரல் பேனாவையும் ஊசியைப் பிடிப்பது போலத்தான் பிடிக்கிறது. எழுத்துக்கள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. எந்த இடத்தில் ரகரம், எந்த இடத்தில் றகரம் என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். அவள் வீட்டில் இல்லாத நேரம் எழுதிய பக்கங்களில் பிழை இருக்கும்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத நினைத்தது ஒரு மனிதரைப் பற்றி. அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. சிலாவத்துறைச் சந்தியில் எல்லோரும் அவரைக் கிளாக்கர் நானா என்றுதான் கூப்பிட்டோம். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். நாங்கள் வேதக்காரர் என்றாலும் எங்களுக்கும் அவர் நானாதான். அவரிடம் நான் முதன்முதலாகப் போனது ஒரு வள்ளத்தின் காரியமாக. நான் எடுத்த வள்ளம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சண்டை முடிந்து எல்லோரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் ஒரு பக்கத்திலிருந்து வந்தோம், முஸ்லிம் ஆட்கள் இருபது வருசம் கழித்துப் புத்தளத்திலிருந்து வந்தார்கள். வீட்டுக்கு, கிணற்றுக்கு, ஆட்டுக்கு, வலைக்கு என்று எதற்கும் ஒரு போம், அதாவது விண்ணப்பத் தாள், நிரப்ப வேண்டியிருந்தது. உதவி செய்ய வந்தவர்களின் போம்கள் முக்கால்வாசி இங்கிலீசில்தான் இருக்கும். கிளாக்கர் நானா அந்தக் காலத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக எழுத்து வேலை பார்த்தவர். சந்தியில் தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில், நாலு தகரத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் கதிரையும் மேசையும் போட்டு உட்கார்ந்திருப்பார். சின்ன ஆள். சாரம் எப்போதும் மடிப்புக் குலையாமல் இருக்கும். பையில் ஒரு பென்சில், ஒரு பேனா. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பார்.

அவரிடம் போனால் வேலை கெதியில் முடியாது. முதலில் பென்சிலால்தான் எழுதுவார். ஒரு சொல் வந்து தடக்கினால் பென்சிலை வைத்துவிட்டு, மேசைக்குக் கீழே இருக்கிற பால்மா பேணியைத் திறப்பார். பேணி நிறைய முத்துச் சிப்பி ஓடுகள். எங்கள் கடற்கரையில் குனிந்தால் அள்ளலாம், அந்தக் காலத்து ஆட்கள் முத்தை எடுத்துக்கொண்டு எறிந்தவை. அதிலிருந்து இரண்டோ மூன்றோ எடுத்து நமக்கு முன்னால் வரிசையாக வைப்பார். ஒரு சொல்லுக்கு ஒரு சிப்பி. இது இன்னது, இது இன்னது, இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை என்று விளக்குவார். நாம் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். தொட்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பேனா.

நானாட்டான் பக்கத்திலிருந்து ஒரு மனுசி ஆட்டுக்கான போமோடு வந்திருந்தாள். பதினொரு ஆடு போய்விட்டது. அவர் மூன்று சிப்பி வைத்தார். லொஸ்ற் என்றால் தொலைந்தது. ஸ்ட்ரேட் என்றால் மேயப் போய் வழிதவறினது. ஸ்டோலன் என்றால் களவு போனது. மனுசி சிரித்துவிட்டாள்.

"அதை ஆட்டைத்தான் கேக்கவேணும் நானா. நான் முகாமிலயெல்லோ இருந்தனான்."

"ஆட்டைக் கேக்க ஏலாது. திரும்பி வந்து பாக்கக்குள்ள கயிறு கிடந்ததா?"

"கிடந்தது."

"அறுந்து கிடந்ததா, அவிழ்த்துக் கிடந்ததா?"

அவள் சிரிப்பை நிற்பாட்டினாள். "அவிழ்த்துத்தான் கிடந்தது" என்று மூன்றாவது சிப்பியைத் தொட்டாள். அவிழ்த்தது யாரென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியதோ, முன்பே தெரியுமோ, எனக்குத் தெரியாது. என் முறைக்காக வரிசையில் நின்ற நான் என் போமை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தேத்தண்ணிக் கடைக்காரர் அவரை விட மாட்டார். "நானா, தேத்தண்ணி கொதிக்குதா, ஆவி பறக்குதா? சிப்பியைப் போடுங்கோ, தொட்டுக் காட்டுறன்" என்பார். கிளாக்கர் நானா ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இல்ல. சூடாக்கியிருக்கு" என்றார். கடை முழுவதும் சிரித்தது.

மேசையில் ஒரு இங்கிலீசு அகராதி இருக்கும். மட்டை கிடையாது. முதல் எழுத்தான ஏயில் தொடங்கும் சொற்கள் உள்ள பக்கங்களும் கிடையாது. புத்தளத்து முகாமில் ஒரு மழைக்குப் போய்விட்டனவாம். அந்த எழுத்தில் ஒரு சொல் வந்தால் கண்ணை மூடி யோசிப்பார். ஊரை விட்டுப் போகும்போது ஆளுக்கு ஒரு பைதான் கொண்டுபோக விட்டார்களாம். "மத்தவங்க காதுத் தோட்டைப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சாங்க. இவர் புத்தகத்தத்தான் ஒளிச்சார்" என்று அவருடைய மனைவி ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுவந்தபோது சொன்னார். அவரும் மறுக்கவில்லை. சோதித்தவன் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெறுமதி இல்லாத சாமான் என்று திருப்பித் தந்தானாம்.

அப்படிச் சோதித்தவர்களும், இரண்டு நாளில் போய்விட வேண்டும் என்று துவக்கோடு வந்து அறிவித்தவர்களும் தமிழர்கள். எங்கள் ஆட்கள். இதை எழுதாமல் மேலே எழுதக் கூடாது.

அவருடைய சொந்தப் போமை அவர் நிரப்பியதையும் பார்த்தேன். ஒரு கேள்வி, எப்போது ஊரை விட்டுப் போனீர்கள் என்பது. அந்தப் போனீர்கள் என்பதற்கு இங்கிலீசில் லெஃப்ற் என்று அச்சடித்திருந்தது. அவர் அதை வெட்டிவிட்டு மேலே எவிக்ற்றட், அதாவது விரட்டப்பட்டோம், என்று எழுதினார். போம் வாங்க வந்த இளம் அதிகாரி, அச்சடித்ததில் வெட்டக் கூடாது ஐயா என்று மரியாதையாகச் சொல்லிப் புதுப் போம் கொடுத்தார். அதிலும் வெட்டினார். மூன்றாவதிலும் வெட்டினார். அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. பொருள் ஒன்றுதானே என்றார்.

கிளாக்கர் நானா குரலை உயர்த்தவில்லை. "லெஃப்ற் எண்டா நம்மட காலால நடந்து போன மாதிரி மகன். காலாலதான் நடந்தம். ஆனா கால் எங்கட சொல்லுக் கேட்டு நடக்கல்ல."

மூன்றாவது போமை அதிகாரி அப்படியே வாங்கிக்கொண்டு போனார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தமிழாட்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி வள்ளம்.

எங்கள் கரையும் பரீதாவின் வாப்பாவின் கரையும் பக்கத்துப் பக்கத்தில். முஸ்லிம் ஆட்கள் அப்பாவை வாப்பா என்பார்கள். அவரும் என் அப்பாவும் கடலில் கூட்டாளிகள். மகள் பிறந்த வருசம் அவர் ஒரு மர வள்ளம் கட்டி, அணியத்தில், வள்ளத்தின் முன்பக்கத்தில், பரீதா என்று சிவப்புப் பெயின்ற் மையால் எழுதினார். அவர்கள் போக வேண்டி வந்த அன்று விடிய எங்கள் வீட்டு வேலியில் வந்து நின்று, "வள்ளம் கரையில நிக்குது. பாத்துக்கொள்ளுங்க. வந்து எடுக்கிறன்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். எனக்கு அப்போது இருபது வயது. பக்கத்தில்தான் நின்றேன்.

முதல் வருசம் அதைத் தொடவில்லை. பிறகு தொழிலுக்கு இறக்கினோம். பிறகு அது எங்கள் வள்ளம் ஆகிவிட்டது. பதினாறு வருசம் அதில்தான் சாப்பிட்டோம். கடைசிச் சண்டையில் நாங்களும் ஓட வேண்டி வந்தபோது பனைகளுக்கு நடுவே இழுத்து வைத்துவிட்டு ஓடினோம். அப்பா முகாமிலேயே செத்துப்போனார். திரும்பி வந்து பார்த்தால் வள்ளம் ஒரு பக்கம் எரிந்து, நடுவில் பிளந்து கிடந்தது.

அந்த நேரம் வள்ளம் இழந்தவர்களுக்குப் புது வள்ளம் கொடுக்கப் பட்டியல் எடுத்தார்கள். நான் அடுத்தவருடைய வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். பங்குக்குப் போகிறவனுக்குக் காற்றில்லாத நாளும் பட்டினி, வள்ளக்காரனுக்கு மனமில்லாத நாளும் பட்டினி. இந்தப் பட்டியலில் பெயர் விழுந்தால்தான் எனக்குத் தொழில். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போமைக் கொடுத்தேன்.

அவர் டமேஜ், டிஸ்ரோய்ட் என்று இரண்டு சிப்பி வைத்தார். டமேஜ் என்றால் திருத்தலாம், டிஸ்ரோய்ட் என்றால் இனி இல்லை. நான் இரண்டாவதைத் தொட்டேன். அதற்குப் பேனா எடுக்கவில்லை. அழிந்தது என்றால் தானும் கண்ணால் பார்க்க வேண்டுமாம். மணி இல்லாத சைக்கிளில், குடையைக் கைபிடியில் மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் எங்கள் கரைக்கு வந்தார். வள்ளத்தைச் சுற்றி வந்தார். நெருப்பு நக்கிய பக்கத்தில் எங்கள் நீல மை பொருக்குவெடித்து உரிந்திருந்தது. அதற்குக் கீழே பழைய சிவப்பு. ரீ தெரிந்தது, தாவில் பாதி தெரிந்தது. அவர் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"ஓம். டிஸ்ரோய்ட்தான்" என்றார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, போகிற போக்கில் கேட்பது போல, "தம்பிக்கு இது எப்படி வந்த?" என்றார்.

"கிடைச்சது நானா."

"கிடைச்சது எண்டா இங்கிலீசில நாலஞ்சு சொல் இருக்கு. வாங்கினதா, தந்ததா, கண்டெடுத்ததா? யோசிச்சிட்டு வாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் நேரம் இருக்கு."

வெள்ளியோடு பட்டியல் மூடும். அன்றைக்குத் திங்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தாள் கேக்கிறதுக்கெல்லாம் மறுமொழி சொல்லுறதுக்கு அவர் என்ன சாமியாரே, நீங்கள் என்ன பாவசங்கீர்த்தனத்துக்கோ போனனீங்கள்? நானாட்டானில கடையில குடுத்தா பத்து நிமிசத்தில நிரப்பித் தருவினம்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் மூன்று வயிறு.

புதன்கிழமை பஸ் ஏறி நானாட்டானுக்குப் போனேன். போட்டோப் பிரதி எடுக்கிற கடையில் இருந்த பிள்ளை புதுப் போமொன்றில் எல்லாம் எழுதித் தந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வள்ளம் யாருடையது என்ற இடத்தில் ஓனர் என்று எழுதி, அதற்கு நேரே என் பெயர். அழகான எழுத்து. வரும் வழியில் பஸ்ஸிலிருந்து மூன்று தரம் விரித்துப் பார்த்தேன். அந்தத் தாளில் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்றும் இல்லை. நேரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் கையை வைத்த இடம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த மனிதருக்கு என்ன தெரியும், தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று அறிய வேண்டும் போலிருந்தது. வியாழன் விடிய அந்தப் போமோடு சந்திக்குப் போனேன்.

வாங்கிப் பார்த்தார். எழுத்து வடிவாக இருக்கிறது என்றார். குறை சொல்லவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேணியைத் திறந்து மூன்று சிப்பி வைத்தார்.

"பொரோ எண்டா இரவல். திருப்பிக் குடுக்கிற எண்ணத்தோட வாங்கிறது. கீப் எண்டா வச்சிருக்கிறது. அது நல்லதாயும் இருக்கும், கெட்டதாயும் இருக்கும். ரேக் எண்டா எடுக்கிறது. தொடுங்க தம்பி."

நான் முதல் சிப்பிக்குக் கையைக் கொண்டுபோனேன். உண்மையாகவே அப்பாவின் மனதில் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தது. ஒவ்வொரு பாஸ்குத் திருநாளுக்கும் முன்னால் வள்ளத்துக்கு மை பூசும்போது, அவன் வந்து பார்த்தால் சந்தோசப்பட வேண்டும் என்பார். கை சிப்பிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"பேரை மாத்தினது ஆர்?" என்றார் அவர். மெதுவாக, என்னைப் பார்க்காமல்.

நான் இதை அதுவரை மனைவிக்கும் சொன்னதில்லை.

"அப்பா இல்லை. நான்தான் நானா. அப்பா வேண்டாமெண்டவர். கரையில பெடியள் பகிடி பண்ணினவங்கள், பரீதாவுக்கு மாப்பிள்ளை வாறார் எண்டு. அப்பா மடுக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் வெள்ளை மையால அதை மூடிப்போட்டு நீலத்தில அந்தோனியார் எண்டு எழுதினனான். அப்பா வந்து பாத்தவர். ரெண்டு நாள் கடலுக்குப் போகேல்லை."

சொல்லி முடித்துவிட்டு மூன்றாவது சிப்பியைத் தொட்டேன். இரவல் வாங்கினவன் பெயரை அழிக்க மாட்டான்.

கிளாக்கர் நானா தகரப் பெட்டியைத் திறந்து இன்னொரு போமை எடுத்து என் முன்னால் வைத்தார். பென்சிலால் எழுதினது. மேலே பரீதாவின் வாப்பாவின் பெயர். போன மாதம்தான் புத்தளத்திலிருந்து வந்திருக்கிறார், தன் வள்ளத்துக்குத் தானும் போம் கொடுத்திருக்கிறார். எப்படி இழந்தீர்கள் என்ற இடத்துக்கு அவரிடமும் சிப்பி வைத்தாராம். தொலைந்ததா, விட்டுவிட்டுப் போனதா, பறித்ததா என்று. அவர் ஒன்றையும் தொடவில்லையாம். அதற்காக நானா நாலாவதாக ஒன்றைத் தேடி எடுத்தாராம். எண்ட்ரஸ்ற். நம்பி ஒப்படைத்தது.

"ஒரு ஆள் ஒப்படைச்சன் எண்டு சொல்லியிருக்கார். மத்த ஆளும் ஒரு சொல் சொல்லாம நான் எப்படிப் பேனாவால எழுதிற? அதுக்குத்தான் காத்திருந்த."

"ஏன் நானா முதலே சொல்லேல்லை?"

"நான் சொன்னா அது என்ட சொல். உங்கட போமில உங்கட சொல்தானே வரணும்."

ஒரு வள்ளத்துக்கு இரண்டு போம் போனால் விசாரணை என்று இரண்டும் நின்றுவிடுமாம். நானாட்டானில் எழுதிய போமை நானே கிழித்தேன். பழைய போமில் வள்ளத்தின் பகுதியை வெட்டி, எனக்கு வந்தது எப்படி என்பதற்கு நேரே நான் தொட்ட சொல்லைப் பேனாவால் எழுதினார். வலைகள் என் சொந்த வலைகள். அதற்கு மட்டும் ஓனர் என்று எழுதினார். மற்ற ஆளுடைய பென்சில் எழுத்துக்கும் அங்கேயே மை ஏற்றினார். வள்ளம் போய்விட்டது என்று தெரியும். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாது.

அதோடு விடவில்லை அவர். போமுக்குச் சொன்னதை ஆளுக்கும் சொல்ல வேண்டும் என்று தன் சைக்கிளின் பின்னால் ஏறச் சொன்னார். என்னைவிட இருபது வயது கூடிய மனிதர் மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து போக வெட்கப்பட்டு, நானே மிதித்தேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்தார்.

பரீதாவின் வாப்பா தகரக் கொட்டிலின் வாசலில் இருந்தார். கண் பார்வை குறைந்திருந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே நான் சொன்னதைக் கேட்டார். மை பூசியதையும் சொன்னேன். கிளாக்கர் நானா அகராதியை மறந்து வந்தவரைப் போல வெறுங்கையோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நிறத்தில எழுதின நீங்க?" என்று கேட்டார் பரீதாவின் வாப்பா.

"நீலம்."

"நீலமா." என் கையைத் தட்டினார். "பரீதாவும் விவரம் தெரிஞ்ச நாளில இருந்து நீலத்தில எழுதித் தாங்க எண்டுதான் கேட்ட. நான்தான் சிவப்ப விடல்ல."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கோபம் என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்கள், குடித்தோம்.

திரும்பி வரும் வழியில், மிதித்துக்கொண்டே கேட்டேன். எடுத்தவன் ஒருவன் இருபது வருசம் கழித்து வந்து எடுத்தேன் என்று சொன்னால், அவனுக்கு இங்கிலீசில் என்ன சொல் என்று. கள்ளன் என்பதா, வேறு ஏதாவது இருக்கிறதா?

பின்னாலிருந்து அவர் குடையை மடக்கும் சத்தம் வந்தது. "இருக்கும். ஆனா எனக்கு இப்ப வருகுதில்ல. ஏயில தொடங்கிற சொல்லா இருக்கும் போல. பாத்துச் சொல்றன்" என்றார்.

அந்தப் பட்டியலில் எனக்கு வலை கிடைத்தது. வள்ளம் பரீதாவின் வாப்பாவுக்குப் போனது. நான் இன்னும் நாலு வருசம் பங்குக்குத்தான் கடலுக்குப் போனேன். மனைவி மூன்று மாதம் அந்தச் சந்திப் பக்கம் போகவில்லை. பிறகு தானாகவே ஒருநாள் கிளாக்கர் நானாவுக்கு ஒரு பார்சல் கருவாடு கட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் அதைப் பிரித்து மணந்து பார்த்து, இது வெயிலில் காய்ந்ததா காற்றில் காய்ந்ததா என்று கேட்டு அனுப்பினார்.

சந்தியில் காணும்போதெல்லாம் என் கேள்வியை நினைத்துத்தான் கையை விரித்துக் காட்டுவார். இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பிறகு சுகமில்லாமல் புத்தளத்துக்கு மகனிடம் போனார். காலமாகி அங்கேயே அடங்கிவிட்டார். அந்தச் சொல் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளிடம் முழு அகராதி இருக்கிறது. அதில் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பார்த்துச் சொல்வதாக அவர்தானே சொன்னார்.

இந்தத் தாள்களை நானும் முதலில் பென்சிலால்தான் எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது முதல் பக்கத்தில் ஓரிடம் வந்து தடக்கியது. எங்களுக்குக் கிடைத்த வள்ளம் என்று இருந்தது. அவ்வளவும் நடந்த பிறகும் என் கை அப்படித்தான் எழுதியிருக்கிறது. அழித்தேன். அந்த இடத்தில் பேனாவால் எழுதினேன், நான் எடுத்த வள்ளம் என்று. மற்றதற்கெல்லாம் அதற்குப் பிறகுதான் மை ஏற்றினேன்.

எழுதி முடித்தது நவம்பர் மாதம் இரண்டாம் திகதி, எங்கள் ஆட்கள் செத்தவர்களை அடக்கிய சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டுபோகும் நாள், போவதற்கு முன்.